உறைபனிக் காலையில் வெந்நீர்: கண்ணாடி துடைக்கும் வண்டிக்கு எது கட்டுப்படியாகும்?

ஊட்டி பக்கம் தலைக்குந்தாவில் ஒரு காட்டேஜ், ஜனவரி மாதம், காலை ஏழு மணி. புல்வெளி உப்பைக் கொட்டினாற்போல வெளுத்துக் கிடந்தது. என்னோடு வேலைக்கு வரும் தம்பி மாப்பை வாளியில் முக்கி முக்கி மூன்று ஜன்னலை முடித்துவிட்டான். நாலாவதில் வைப்பர் கையை விட்டு நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தான், விரல் மடங்கவில்லை. "கை இருக்கிறதே தெரியலண்ணா" என்றான். காவல்கார அண்ணனின் வீட்டம்மா உள்ளே போய், பிள்ளைகள் குளிக்கக் காய்ச்சி வைத்திருந்த பாய்லரிலிருந்து அரை வாளி கொண்டுவந்தார். "இத ஊத்திக்கோங்க தம்பி, நான் மறுபடி போட்டுக்கறேன்."

அந்த அரை வாளியில்தான் இந்தத் தேடல் தொடங்கியது. மூன்று குளிர்காலமாக, கையில் இருக்கும் காசுக்குள் வண்டியிலேயே வெந்நீர் வைத்துக்கொள்ள என்னென்ன வழி உண்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன். ரிசார்ட்காரர்கள் கண்ணாடி துடைக்க அதிகமாகக் கூப்பிடுவது டிசம்பர் விடுமுறையை ஒட்டி. ஊட்டியில் உறைபனி விழுவதும் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. வேலை இருக்கும் நாளும் விரல் விறைக்கும் நாளும் ஒன்றுதான். அதனால் இதை ஆடம்பரமாக நான் நினைக்கவில்லை. ஏணி மேல் நிற்பவன் விரல் மரத்துப்போனால் அது ஆபத்து.

முதலில் எவ்வளவு சூடு வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்கத் தேவையே இல்லை. 30 முதல் 40 டிகிரி போதும், கை பொறுக்கும் சூடு. விறகுப் புகையின் பிசுக்கும் பறவை எச்சமும் அதிலேயே இளகிவிடும். அதற்கு மேல் போனால் கண்ணாடிக்குக் கேடு. ராத்திரி முழுக்கக் குளிரில் நின்ற பழைய பங்களாக் கண்ணாடியின் மேல் 70 டிகிரித் தண்ணீர் பட்டால் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கீறல் ஓடிவிடும். கம்பத்து பிரஷ்ஷில், அதாவது நீளக் கம்பத்தின் நுனியில் உள்ள பிரஷ்ஷுக்கு ஓஸ் வழியாகச் சுத்திகரித்த தண்ணீர் விடுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: தண்ணீரை வடிகட்டும் ஆர்.ஓ. மெம்பரேனுக்கு உச்ச வரம்பு 45 டிகிரி, மிச்ச உப்பைப் பிடிக்கும் ரெசினும் அதிகச் சூடு தாங்காது. சுத்திகரித்த பிறகுதான் சூடேற்ற வேண்டும்.

அடுத்தது கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 1.163 வாட்-மணி; ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட். கம்பத்து பிரஷ் வைத்து நாள் முழுக்க வேலை செய்தால் 300 லிட்டர் போகும். அதை 10 டிகிரியிலிருந்து 40க்குக் கொண்டுபோகப் பத்தரை யூனிட். கரண்டில் என்றால், யூனிட் பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், 105 ரூபாய். கேஸ் கிலோவுக்குச் சுமார் 12.8 யூனிட் சூடு தரும். ஐந்தில் ஒரு பங்கு புகையோடு போய்விடும் என்று கழித்தால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எரியும். டீசல் என்றால் 1.3 லிட்டர். நான் கணக்குப் போட்ட அன்றைய விலையில் மூன்றுமே நூறு ரூபாயை ஒட்டித்தான் வந்தன. எந்த எரிபொருள் மலிவு என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டது வீண். வித்தியாசம் வருவது சாதனத்தின் விலையில், பனி நேரத்தில் அது கிளம்புகிறதா என்பதில், ஆளுக்கு ஆபத்தா என்பதில்.

எல்லாரும் முதலில் கை வைப்பது கேஸ் கீசரில்தான், நானும் அப்படித்தான். நிமிடத்துக்கு 6 லிட்டர் என்று எழுதியிருக்கும் சாதாரண இன்ஸ்டன்ட் கேஸ் கீசர் ஐயாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். பிரஷ் வழியாக நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடினால் நமக்கு வேண்டியது 4.2 கிலோவாட். கீசரின் பலம் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பிறகு என்ன குறை? தண்ணீர் ஓட்டம் போதவில்லை என்றால் அடுப்பு பற்றவே பற்றாது, இரண்டு லிட்டருக்குக் கீழே டிக் டிக் என்று பொறி மட்டும் அடித்துக்கொண்டிருக்கும். ஓட்டத்தைக் கூட்டினால் தண்ணீர் வீணாகும். ஒவ்வொரு ஜன்னலுக்கும் இடையே நிறுத்தித் திறக்கும்போது, செம்புச் சுருளுக்குள் தங்கிய தண்ணீர் தனிச் சூட்டோடு குபுக்கென்று வரும். ஓஸ் நீளமாக இருந்தால் அது வழியிலேயே ஆறிவிடும். குட்டை ஓஸில் வேலை செய்தால் கை வெந்துவிடும்.

இது சமவெளியிலும் உள்ள தொல்லை. மலைக்கென்று தனியாக இரண்டு இருக்கின்றன. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைவு, தண்ணீரே 92, 93 டிகிரியில் கொதித்துவிடும். காற்று மெலிந்த இடத்தில் அடுப்புக்கு ஆக்சிஜன் போதாமல் கேஸ் அரைகுறையாக எரியும். நீல ஜுவாலை நுனியில் மஞ்சள் தட்டினால் அதுதான் அடையாளம். அரைகுறை எரிதலில் வருவது கார்பன் மோனாக்சைடு. மணம் கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. கதவைச் சாத்திய குளியலறையில் கேஸ் கீசரால் உயிர்கள் போயிருக்கின்றன. ஆம்னி வண்டியின் உட்புறம் குளியலறையைவிடச் சின்னது. குளிருக்குப் பயந்து கதவை மூடிக்கொண்டு உள்ளே கீசரை எரியவிடுவதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். வைத்தால் வண்டிக்கு வெளியே, பின்கதவில் மாட்டித்தான்.

இரண்டாவது, சிலிண்டர். நம் சமையல் கேஸ் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழேதான் ஆவியாகத் தொடங்கும். பனி விழுந்த காலையில் சின்னச் சிலிண்டரில் அழுத்தம் சோர்ந்துவிடும், இழுக்க இழுக்க அடிப்பாகம் வேர்த்து வெண்பனி கட்டும். 5 கிலோ சிலிண்டரில் பாதி மிச்சம் இருக்கும்போதே ஜுவாலை தளரும். வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் நிற்க வைத்தால் சரியாகும். வெந்நீர் காய்ச்சவே ஒரு வெந்நீர்த் தொட்டி வேண்டும் என்றால் எங்கே போவது? வீட்டுச் சிவப்புச் சிலிண்டரைத் தொழிலுக்குப் போடுவது சட்டப்படி தப்பு. தொழிலுக்கென்று விற்கும் சிலிண்டரைத்தான் வாங்க வேண்டும், நீலநிற 19 கிலோ என்றால் அது வண்டியில் பாதி இடத்தை அடைக்கும்.

எனக்கு இதில் பட்ட அடியும் உண்டு. ஒரு சாயங்காலம் கீசருக்குள் தங்கிய தண்ணீரை வடிக்காமல் வண்டியைத் திறந்தவெளியில் விட்டுவிட்டேன். விடிந்து பார்த்தால் செம்புச் சுருளில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. உள்ளே நின்ற தண்ணீர் உறைந்து ஊதிவிட்டது. விற்ற கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன், உத்தரவாதம் இதற்கெல்லாம் பொருந்தாது என்றார்கள். ராத்திரி வடித்துவிட வேண்டும் என்று கையேட்டில் ஒரு வரி போட்டிருந்தால் ஐயாயிரம் மிஞ்சியிருக்கும். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

கரண்ட் வழி எப்படி? ராடு போட்டு வாளியில் காய்ச்சுவது ரொம்ப மலிவு. 1,500 வாட் ராடு 20 லிட்டரை 30 டிகிரி ஏற்ற அரை மணி நேரம் எடுக்கும், வாளி வேலைக்கு அது போதும். ஆனால் ஈரத்தரை, அலுமினிய ஏணி, எக்ஸ்டென்ஷன் பெட்டி, தண்ணீரில் ராடு, நாலையும் ஒரே இடத்தில் சேர்க்கக் கூடாது. கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் லீக்கேஜ் பிரேக்கர் இல்லாத பழைய பங்களாவில் நான் ராடை வெளியே எடுப்பதே இல்லை. கம்பத்துக்காரர்களுக்கு 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் நல்ல யோசனைதான். 2 லிட்டர் ஓட்டத்தில் 21 டிகிரி ஏற்றித் தரும், பத்து டிகிரித் தண்ணீர் முப்பதைத் தாண்டும், விலையும் கேஸ் கீசரைவிடக் குறைவு. அதற்கு வாடிக்கையாளர் வீட்டில் பவர் பிளக் வேண்டும், கரண்ட் இருக்க வேண்டும், லோ வோல்டேஜ் ஆகக் கூடாது. 230 வோல்ட் 190க்கு இறங்கினால் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கூடவே, அடுத்தவர் மீட்டரில் ஓட்டுவதால் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

டீசல் ஹீட்டரைப் பற்றி இங்கே பலருக்குத் தெரியாது. குளிர் நாடுகளில் கண்ணாடி துடைப்பவர்கள் வண்டியில் அதிகம் பொருத்துவது இதைத்தான். பேட்டரியில் கிளம்பும், மணிக்கு அரை லிட்டரைவிடச் சற்றுக் கூடுதலாக டீசல் குடித்து 5 கிலோவாட் சூடு தரும். ஆளைச் சாராமல் நிதானமாக ஓடும், கேஸ் சிலிண்டர் பயம் இல்லை. தண்ணீர் சூடாக்கும் வகை இருபதாயிரத்துக்கு மேல் போகும். நம் உயரத்தில் டீசல் அளவைக் குறைத்து அமைக்காவிட்டால் கரி கட்டிக் கொஞ்ச நாளிலேயே அடைத்துக்கொள்ளும். அதை அமைக்கத் தெரிந்த மெக்கானிக்கை நான் ஊட்டியிலும் குன்னூரிலும் தேடினேன், கிடைக்கவில்லை. தினமும் ரிசார்ட் வேலை இருப்பவர்கள் யோசிக்கலாம். வாரத்துக்கு மூன்று நாள் வேலை இருக்கும் எங்களுக்கு முதலே திரும்பாது.

எஞ்சின் சூட்டைப் பிடிப்பதுதான் எனக்கு மனதுக்குப் பிடித்த வழி. டீசலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரேடியேட்டர் வழியாகக் காற்றில்தான் போகிறது. படகுகளில் அந்தச் சூட்டில் குளிக்கத் தண்ணீர் காய்ச்சுவது நெடுநாள் வழக்கம். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஓஸில், அதன் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் ஒரு பிளேட் எக்ஸ்சேஞ்சரைச் சேர்த்துத் தொட்டியோடு இணைத்தால் முடிந்தது. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு 18 கிலோமீட்டர் ஏற்றம். பிக்கப் 2 லிட்டர் டீசல் குடித்தால் ரேடியேட்டருக்குப் போகும் சூடு ஆறு யூனிட்டுக்கு மேல். பாதியைப் பிடித்தாலே 100 லிட்டரை 25 டிகிரி ஏற்றிவிடலாம், செலவில்லாமல். ஆனால் ஊட்டியிலிருந்து கூடலூர்ப் பக்கம் இறங்கினால் எஞ்சின் சும்மா உருளும், சூடே இருக்காது. வேலை இடத்தில் நிறுத்தி ஓடவிட்டாலும் தேறாது, சும்மா ஓடும் எஞ்சின் மிகக் குறைவாகத்தான் சூடாகும். புகையும் இரைச்சலும் விருந்தாளிகளை எழுப்பிவிடும். வீடு கீழே, வேலை மேலே என்று இருப்பவர்களுக்கே இது உகந்தது.

விறகு பாய்லர் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சீகை மரமும் கற்பூர மரமும் நன்றாகத்தான் எரியும். ஆனால் வண்டியில் நெருப்பைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

சோலார் வாட்டர் ஹீட்டரை முதலில் நான் சட்டை செய்யவில்லை. ஜூன், ஜூலை மழையில் நாள்கணக்கில் சூரியனே தெரியாது என்பதுதான் மனதில் நின்றது. பிறகுதான் உறைத்தது: உறைபனி விழ வேண்டும் என்றால் ராத்திரி மேகம் இருக்கக் கூடாது. மேகமில்லாத அந்த நாள்களில் பகல் வெயில் பளீரென்று அடிக்கும். வெந்நீர் ரொம்பவும் வேண்டிய காலமும் சோலார் நன்றாக வேலை செய்யும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. சாயங்காலம் நாலு மணிக்குக் கிடைக்கும் சூட்டை மறுநாள் காலை ஏழு மணி வரை காப்பாற்றினால் போதும்.

இங்கேதான் கேள்வியே மாறியது. வண்டியில் எதை வைத்துக் காய்ச்சுவது என்று தேடிக்கொண்டிருந்தேன். வண்டியில் காய்ச்சவே வேண்டாம், வீட்டில் காய்ச்சிய சூடு போகாமல் எடுத்துப் போனால் போதும். அதற்கான சாமான் கோவை உக்கடம் மீன் மார்க்கெட் பக்கம் குவிந்து கிடக்கிறது: மீன்காரர்களின் ஐஸ் பெட்டி. குளிர் வெளியே போகாமல் காக்கும் பெட்டி சூட்டையும் காக்கும். பழசாகப் பார்த்து 100 லிட்டர்ப் பெட்டி ஒன்று வாங்கினேன். நாலு தடவை சோடா மாவு போட்டுக் கழுவியும் மீன் வாடை போகவில்லை, ஒரு வாரம் வெயிலில் திறந்து வைத்ததில்தான் போனது. நேராகப் பெட்டிக்குள் தண்ணீர் ஊற்றினால் கொண்டை ஊசி வளைவில் அலம்பி மூடி வழியாக வழியும். அதனால் 20 லிட்டர் கேன் மூன்றை உள்ளே இறக்கி, இடைவெளியில் பழைய கம்பளி திணித்திருக்கிறேன். தண்ணீர் 60 டிகிரிக்கு மேல் வேண்டாம், கேன் நெளியும்.

சோலார் இல்லாவிட்டாலும் வீட்டு 25 லிட்டர் கீசரில் ராத்திரி மூன்று தரம் பிடித்தால் 60 லிட்டர். மூன்றரை யூனிட், முப்பத்தைந்து ரூபாய். ஒன்பது மணிக்கு 60 டிகிரியில் மூடிய கேனைக் காலை ஏழு மணிக்குத் திறந்து தெர்மாமீட்டர் விட்டேன், 53 காட்டியது. மூடியைத் திறந்ததும் ஆவி எழும்பித் தம்பியின் மூக்குக்கண்ணாடியை மூடியது. ஒரு பங்கு வெந்நீருக்கு ஒரு பங்கு பச்சைத் தண்ணீர் கலந்தால் முப்பதுக்கு மேல், கை பொறுக்கும் இதம். மூன்று கேன் 120 லிட்டர் ஆகிறது. பன்னிரண்டு லிட்டர் வாளியில் பத்து வாளி. மாப், வைப்பர் வைத்து இரண்டு பேர் செய்யும் வேலைக்கு நாள் முழுக்கப் போதும். நெருப்பு இல்லை, ஒயர் இல்லை, பழுதாகும் பாகம் இல்லை.

கம்பத்து பிரஷ்காரர்களுக்கு 300 லிட்டரை இப்படிச் சுமப்பது கஷ்டம். அவர்களுக்கு நான் சொல்வது: பவர் பிளக் இருக்கும் இடத்தில் 3 கிலோவாட் கீசர், இல்லாத இடத்தில் பின்கதவுக்கு வெளியே கேஸ் கீசர், ராத்திரி வடிப்பதை மறக்காமல். வாளிக்காரர்கள் வேறெதையும் வாங்குவதற்கு முன்னால் ஐஸ் பெட்டியை ஒரு பனிக்காலம் ஓட்டிப் பாருங்கள். பெட்டி வாங்கும்போது மூடியின் ரப்பர் வாஷரை அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்ததும் எழும்பி வர வேண்டும். பள்ளம் விழுந்து நின்றால் புது வாஷர் போட்டுத் தரச் சொல்லுங்கள். நான் வாங்கியபோது அதைப் பார்க்காமல் விட்டதில் முதல் வாரம் காலையில் 41 டிகிரிதான் மிஞ்சியது.