காண்டால்ஃப், டம்பிள்டோர், ஸ்பாரோஹாக்: மோதவிட்டால் யார் நிற்பார்?

போன ஞாயிற்றுக்கிழமை மாமா பையன் போன் பண்ணி, "அண்ணா, டம்பிள்டோர் கையில எல்டர் வாண்ட் இருக்கு, அதுக்கு மேல என்ன பேச்சு இருக்கு" என்றான். எல்டர் வாண்ட் என்பது ஹாரி பாட்டர் கதையில் எல்லாவற்றையும் மிஞ்சும் மந்திரக்கோல், டம்பிள்டோர் அங்கே பள்ளித் தலைமையாசிரியர்; என் ஆள் காண்டால்ஃப், டால்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மந்திரவாதி. இரண்டு பேரும் மோதினால் யார் ஜெயிப்பார் என்பதுதான் பேச்சு. நான் காண்டால்ஃப் வீழ்த்திய பால்ராக் என்ற நெருப்புப் பூதத்தை இழுத்தேன், அவன் டம்பிள்டோர் மோதிய வில்லன் வோல்டெமோர்ட்டை இழுத்தான், ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. போனை வைத்த பிறகும் மண்டைக்குள் அது ஓடிக்கொண்டே இருந்தது. சரி, எழுதியே தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஒரு விதி. புத்தகத்தில் இருப்பது மட்டும்தான் கணக்கு. லார்ட் ஆஃப் த ரிங்ஸ் மூன்றாவது படத்தின் நீண்ட பதிப்பில் எதிரிப் படைத் தளபதி விட்ச்-கிங் வந்து காண்டால்ஃபின் வெள்ளைக் கைத்தடியை உடைப்பான், அதை வைத்துக்கொண்டு "பாத்தியா, அவ்வளவுதான் உங்க ஆளு" என்று பேசுகிறவர்கள் நிறையப் பேர். புத்தகத்தில் மினாஸ் டிரித் நகர வாசலில் இரண்டு பேரும் எதிரெதிரே நிற்கிறார்கள், சேவல் கூவுகிறது, ரோஹன் படையின் கொம்புச் சத்தம் கேட்கிறது, அவன் திரும்பிப் போய்விடுகிறான், அங்கே ஒரு அடிகூட விழவில்லை. படத்தில் சாருமான் என்ற இன்னொரு மந்திரவாதியும் காண்டால்ஃபும் தடியை நீட்டி ஒருவரையொருவர் சுவரில் அறைவதும் அப்படித்தான், புத்தகத்தில் கிடையாது.

இன்னொன்று, "இவங்க ரெண்டு பேரும் நல்லவங்க, சண்டையே போட மாட்டாங்க" என்று நழுவுவதையும் நான் ஏற்கமாட்டேன். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

டம்பிள்டோர் 1945-ல் கிரிண்டெல்வால்ட் என்ற தீய மந்திரவாதியை வீழ்த்தினார் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அந்தச் சண்டை நம் கண்முன் நடக்கவில்லை. நாம் நேரில் பார்ப்பது 1996 ஜூனில் மந்திர அமைச்சகத்தில் வோல்டெமோர்ட்டோடு நடந்ததைத்தான். அதை மறுபடி எடுத்துப் படியுங்கள். வந்து நின்ற உடனே நீரூற்றில் இருந்த தங்கச் சிலைகளை எழுப்பிவிடுகிறார். ஒரு சிலை ஹாரியை மறைத்துக்கொண்டு நிற்கிறது, இன்னொன்று வோல்டெமோர்ட்டின் ஆள் பெல்லட்ரிக்ஸைத் தரையோடு அமுக்குகிறது, குதிரை உடம்புச் சிலை வோல்டெமோர்ட் மேலேயே பாய்கிறது. ஒரு மரண சாபத்தை அந்தச் சிலை தன் உடம்பில் வாங்கிச் சுக்குநூறாகிறது, இன்னொன்றை அவருடைய பீனிக்ஸ் பறவை ஃபாக்ஸ் விழுங்கிவிட்டுத் தீப்பிடித்து விழுகிறது. நடுவில் டம்பிள்டோர் ஒரு மந்திரம் விடுகிறார், வோல்டெமோர்ட் வெள்ளிக் கேடயம் ஒன்றை வரவழைத்துத் தடுக்கிறான், கோயில் மணி அடித்தது போல ஒரு முழக்கம், அவ்வளவுதான், கேடயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் நீரூற்றுத் தண்ணீர் மொத்தத்தையும் தூக்கி அவன் மேல் கூடு மாதிரி மூடிவிடுகிறார்.

இவ்வளவும் சில நிமிடங்களில். இதில் எனக்குப் பிடித்தது வேகத்தைவிட, அவர் எதை எதைக் கருவியாக எடுக்கிறார் என்பது. சிலை, தண்ணீர், நெருப்பு, பறவை, அந்தக் கூடத்தில் இருந்த எதையும் விடவில்லை. பழகிய கை. அதோடு, நினைத்த இடத்தில் மறைந்து நினைத்த இடத்தில் தோன்றுகிறவர். அவரிடம் காண்டால்ஃப் தன் கிளாம்டிரிங் வாளைத் தூக்கிக்கொண்டு ஓடி என்ன பிரயோஜனம், வாள் விழுகிற இடத்தில் ஆள் இருக்கமாட்டார்.

இந்தப் பக்கம் காண்டால்ஃப். அவர் மனிதரே கிடையாது. ஒலோரின் என்ற மாயர், அதாவது தேவர்களைப் போன்ற ஆதி ஆவி, உலகம் உண்டாவதற்கு முன்பே இருந்தவர். மூன்றாம் யுகத்தின் ஆயிரமாவது ஆண்டு வாக்கில் கிழவர் உடம்பைப் போட்டுக்கொண்டு மிடில்-எர்த்துக்கு வந்த ஐந்து பேரில் ஒருவர். பசிக்கும், அலுக்கும், வெட்டினால் சாவார். எல்லாவற்றையும்விட முக்கியம், இருள் தலைவன் சௌரோனின் பலத்துக்கு எதிராகத் தன் பலத்தைக் காட்டக்கூடாது, பயமுறுத்தி யாரையும் ஆளக்கூடாது என்று கட்டளை போட்டுத்தான் அனுப்பினார்கள். அதனால் பல இடங்களில் நாம் பார்ப்பது கையைக் கட்டிப்போட்ட காண்டால்ஃபைத்தான். 'மாயர்னா தேவலோகத்து ஆளு, டம்பிள்டோர் வெறும் மனுஷன், மேட்டர் முடிஞ்சுது' என்கிறவர்கள் இந்தக் கட்டளையைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். பிறப்பால் எவ்வளவு பெரியவர் என்பது வேறு, அந்த உடம்புக்குள் இருந்துகொண்டு எவ்வளவு எடுத்துச் செலவழிக்கலாம் என்பது வேறு.

அப்புறம் சாருமானின் ஆர்த்தாங்க் கோபுரம். என் வாதத்தில் இதுதான் பெரிய ஆதாரம், ஆனால் இதை யாரும் பேசுவதே இல்லை. மூன்றாம் யுகம் 3018 ஜூலையில் சாருமானைப் பார்க்கப் போகிறார், சாருமான் அவரைப் பிடித்துக் கோபுரத்து உச்சியில் விட்டுவிடுகிறான். செப்டம்பர் 18 விடிவதற்கு முன் க்வாய்ஹிர் கழுகு வந்து தூக்கிக்கொண்டு போகும்வரை இரண்டு மாதத்துக்கு மேல் அங்கேயே கிடக்கிறார். மழை, வெயில், கீழே ஓநாய் ஊளை. ஒரு மந்திரம் சொல்லி இறங்கி வர முடியவில்லை. மறைந்து வேறு இடத்தில் தோன்றும் வித்தை அவரிடம் இல்லை. சாம்பல் அங்கிக் காண்டால்ஃபைக் கொல்வது கஷ்டம், ஆனால் கட்டிவைக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? டம்பிள்டோரும் கொல்லப் பார்க்கிற ஆள் இல்லை. அமைச்சகத்திலும் அவர் கடைசியாகச் செய்தது கட்டிப்போடும் வேலைதான்.

ஆகவே ஐம்பது அடி தூரத்தில், முன் தயாரிப்பு இல்லாமல், திறந்த வெளியில் நிறுத்தினால் டம்பிள்டோர் ஜெயிப்பார். டால்கீன் பக்கம் வளர்ந்தவன் நான், இதை எழுதக் கொஞ்சம் வலிக்கிறது, ஆனால் படித்தது அப்படித்தான் சொல்கிறது.

ஒரே ஒரு வழியில் இது மாறும். சண்டை நீண்டுவிட்டால். வெதர்டாப் குன்றில் ஒரு ராத்திரி முழுக்க சௌரோனின் கறுப்புக் குதிரை வீரர்களான நாஸ்கூல்களோடு போராடியவர் இவர், அந்த வெளிச்சத்தைத் தூரத்தில் சதுப்பு நிலத்தில் படுத்திருந்த ஃப்ரோடோவே பார்க்கிறான். மோரியா பாலத்தில் கைத்தடி உடைந்துபோகிறது. ஜனவரி 15-ல் பால்ராக்கோடு சேர்ந்து விழுகிறார், தண்ணீருக்குள் விழுந்து, பாதாளத்தில் துரத்தி, முடிவில்லாத படிக்கட்டில் ஏறி, மலை உச்சியில் அதை வீழ்த்தும்போது ஜனவரி 25. பத்து நாள், கையில் தடி இல்லாமல். டம்பிள்டோரிடம் மந்திரக்கோல் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை வானியல் கோபுரத்தில் பார்த்தோம். குகையில் குடித்த திரவத்தால் உடம்பு ஏற்கெனவே ஓய்ந்திருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் ஒரு பள்ளிக்கூடப் பையன் ஒரு மந்திரத்தில் கோலைத் தட்டிவிட்ட பிறகு அவரிடம் மிச்சம் இருந்தது பேச்சு மட்டும்தான். கைத்தடி போனால் காண்டால்ஃப் பாதி, கோல் போனால் டம்பிள்டோர் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆனால் சாம்பல் காண்டால்ஃப் அந்தக் கோலை எப்படித் தட்டுவார் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மாமா பையனுக்கு இந்தச் சுற்றை விட்டுக்கொடுத்துவிட்டேன். (அவன் ஃபாக்ஸையும் கூட்டிக்கொள்ளலாமா என்றான். தாராளமாக, ஆனால் பறவை ஒரு பக்கம் வந்தால் கழுகு மறுபக்கம் வரும்.)

பால்ராக் சண்டையில் செத்து, வெள்ளை அங்கியோடு திரும்பி வரும் காண்டால்ஃப் வேறு கதை. ஃபாங்கோர்ன் காட்டில் அவருடைய தோழர்கள் அரகார்ன், லெகோலாஸ், கிம்லி மூன்று பேரும் அவரைச் சாருமான் என்று நினைத்து ஆயுதத்தை எடுக்கிறார்கள். கிம்லியின் கோடரி கையைவிட்டுத் துள்ளிக் கீழே விழுகிறது, அரகார்னின் வாள் அசையாத கையில் தீயாய் ஜொலிக்கிறது, லெகோலாஸ் விட்ட அம்பு நடுவானில் எரிந்து காணாமல் போகிறது. மூன்று பேர், மூன்று விதமான ஆயுதம், ஒரே கணம், அவர் வியர்க்கக்கூட இல்லை. எல்டர் வாண்டின் சட்டம் என்ன? யார் கையிலிருந்து பறிக்கப்படுகிறதோ அவரை விட்டுவிட்டுப் பறித்தவருக்கு விசுவாசமாகிவிடும். கிம்லியின் கோடரி துள்ளியது போல அந்தக் கோல் ஒருமுறை துள்ளினால் போதும், அதற்கப்புறம் அது டம்பிள்டோருடையதே இல்லை. இங்கே நான் அசையமாட்டேன், வெள்ளைக் காண்டால்ஃப்தான். சாருமானின் தடியை உடைத்ததை மட்டும் இதற்கு ஆதாரமாகக் காட்டாதீர்கள், அது தன் கூட்டத்திலிருந்து தவறிய ஒருவனை வெளியேற்றும் அதிகாரத்தில் செய்தது. டம்பிள்டோர் அந்தக் கூட்டத்து ஆள் இல்லை.

இப்போது மூன்றாவது ஆள். இந்தப் பேச்சில் ஏன் எப்போதும் இரண்டே பேர் என்று எனக்கு வெகு நாளாக ஆதங்கம். 1968-ல் வந்த, அர்சுலா லெ குவினின் எர்த்சீ தொடர் முதல் புத்தகத்தின் நாயகன், உண்மைப் பெயர் கெட், ஊர் கூப்பிடுவது ஸ்பாரோஹாக். அந்த உலகத்தில் உண்மைப் பெயரை நம்பிக்கையானவர்களிடம் மட்டும்தான் சொல்வார்கள், அதனால் நானும் ஸ்பாரோஹாக் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். ஏனென்றால் அங்கே மந்திரம் என்பதே பெயர்தான். ஒரு கல்லின் உண்மைப் பெயர் தெரிந்தால் கல் கேட்கும், ஒரு டிராகனின் உண்மைப் பெயர் தெரிந்தால் டிராகனும் கேட்கும்.

பெண்டோர் தீவுக்கு ஒரு சின்னப் படகில் தனியாகப் போகிறான், வயது இருபதைத் தொட்டிருந்தால் அதிகம். கோபத்தோடு பாய்ந்து வரும் இளம் டிராகனின் இறக்கையை மந்திரத்தால் கட்டுகிறான், அது கல் மாதிரி கடலில் விழுகிறது. பிறகு பெரியது எழுந்திருக்கிறது. அதனோடு சண்டை போடவில்லை. பழைய ஏடுகளில் படித்ததை வைத்து, இது அந்த யெவோடாகத்தான் இருக்கவேண்டும் என்று ஊகித்து, அந்தப் பெயரைச் சொல்கிறான். ஊகம் தப்பியிருந்தால் செத்தான். அது தப்பவில்லை, அவ்வளவு பெரிய டிராகன் அசையாமல் நிற்கிறது, இனிமேல் அந்தத் தீவுக்கூட்டத்துப் பக்கம் வருவதில்லை என்று சத்தியம் செய்கிறது. மந்திரச் சண்டை என்று நான் படித்ததிலேயே மிக அழகானது இதுதான்.

டம்பிள்டோருக்கு எதிரே இது செல்லுமா? அவர் தன் முழுப் பெயரை ஹாரியின் விசாரணையில் ஊரறியச் சொன்னவர், ஆல்பஸ் பெர்சிவல் வுல்ஃப்ரிக் பிரையன் டம்பிள்டோர் என்று. ஆனால் அது பெற்றோர் வைத்த பெயர், ஆதி மொழியில் ஒரு மந்திரவாதி ஓடையில் நிறுத்திக் கொடுத்த பெயர் இல்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கட்டமுடியாது என்றுதான் நினைக்கிறேன். முதல் நாள், முதல் நிமிடம் என்றால் டம்பிள்டோர் கை முந்தும். சின்ன வயதில் தன் கிராமத்தைக் கார்க் படையிடமிருந்து மறைத்த அந்த மூடுபனியை ஸ்பாரோஹாக் இறக்கலாம், ஆனால் குகைச் சுவரைக் கையால் தடவியே வாசல் எங்கே என்று கண்டுபிடித்தவரிடம் பனி எவ்வளவு நேரம் நிற்கும்?

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த மந்திரக்கோல் எதனால் ஆனது? எல்டர் என்பதே ஒரு மரம். மரத்துக்குப் பெயர் உண்டு. ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்து செடி, கொடி, இலை, அலை என்று ஒவ்வொன்றின் பெயரையும் மனப்பாடம் செய்தவனுக்கு மரத்தின் பெயர் தெரியாமலா போகும்? டம்பிள்டோரை விட்டுவிட்டு அவர் கையில் இருக்கும் மரத்தோடு பேசினால் போதும். இதைச் சொன்னதும் மாமா பையன் போனில் கொஞ்ச நேரம் சத்தமே போடவில்லை. அதனால் என் கணக்கில், முதல் சந்திப்பில் டம்பிள்டோர், இரண்டாவது சந்திப்பு என்று ஒன்று இருந்தால் ஸ்பாரோஹாக்.

ஸ்பாரோஹாக்குக்கும் காண்டால்ஃபுக்கும் என்றால்தான் எனக்குத் தூக்கம் போகிறது. மித்ராந்திர், தார்கூன், இன்கானுஸ், காண்டால்ஃப், நாட்டுக்கு ஒரு பெயர் அவருக்கு. பெயரை வைத்துச் சண்டை போடுகிறவனுக்கு இதைவிட மோசமான எதிரி கிடைக்கமாட்டார். ஆனால் ஒலோரின் என்ற மேற்கத்திய இளமைப் பெயரை அவரே ஃபராமிரிடம் சொல்லியிருக்கிறார், ஏடு புரட்டுகிறவன் அதைக் கண்டுபிடித்துவிடுவான். சாம்பல் காண்டால்ஃபை அந்தப் பெயர் ஒரு கணமாவது நிறுத்தும் என்று நம்புகிறேன். அந்த ஒரு கணம் போதுமா என்றால், டிராகனுக்குப் போதுமானதாக இருந்தது.

வெள்ளைக் காண்டால்ஃபை எந்தப் பெயரும் நிறுத்தாது. செத்து, திருப்பி அனுப்பப்பட்டவர், போனதைவிட அதிகமாகத் திரும்பி வந்தவர். 1972-ல் வந்த மூன்றாவது எர்த்சீ புத்தகத்தில் ஸ்பாரோஹாக்கும் சாவின் எல்லையைத் தாண்டிப் போகிறான், அங்கே திறந்து கிடக்கும் ஓட்டையை அடைக்கத் தன்னிடம் இருந்த மந்திரம் அத்தனையையும் ஊற்றிவிட்டு வெறும் ஆளாகத் திரும்புகிறான். அதன் பிறகு மோதவிட ஒன்றுமே இல்லை, அதற்கு முன்பு மோதவிட்டாலும் வெள்ளை அங்கிதான் நிற்கும்.

மாமா பையன் எர்த்சீ படித்ததில்லை. என்னிடம் இருந்த முதல் புத்தகத்தைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன், பெண்டோர் அத்தியாயம் முடிந்த அன்றைக்குப் போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன், எந்த நேரமானாலும்.