கொழும்பு வெள்ளவத்தை வீட்டு புரோக்கர் சேர்விஸ், நான் குடுக்கிறது 5க்கு 3

ரெண்டு ரூம் ஃப்ளாட் ஒண்டு வாடகைக்குத் தேடி ரெண்டு மாசம் அலைஞ்சு கடைசியா ஒரு புரோக்கரைப் பிடிச்சம். பேர் போடேல்ல, அந்த அண்ணா நல்ல மனுசன், பிழை முழுக்க அவரிலயும் இல்ல. ஒரு மாச வாடகை கமிஷன், வீடு சரிவந்தாத்தான் காசு, ஆட்டோக்காசு எங்கட.

பதினொரு வீட்டு லிஸ்ட் தந்தவர். அதில ஏழு, சாவி இருக்கு ஆனா விடமாட்டினம் ரகம். ராமகிருஷ்ண ரோட்டில ஒரு அஞ்சாம் மாடி, பல்கனியில நிண்டா கடல் தெரியுது, கிச்சன் கபேட்டில ஒட்டின பிளாஸ்டிக் கூட உரிக்கேல்ல, டைல்ஸ் தூசியில எங்கட கால் அடையாளம் விழுது. ஓனர் டொரொன்டோவில. எங்களுக்குப் பின்னேரம், அங்க அப்பதான் விடியுது, புரோக்கர் அண்ணா வாட்ஸ்அப்பில எழுப்பிக் கேட்டார். அங்கிள் நித்திரைக் குரல்ல, "தம்பி, நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தா நிக்க இடம் வேணும், குடுத்தா பிறகு ஆக்களை எழுப்பேலாது" எண்டிட்டார். மூண்டு கிழமை நிக்கிறதுக்கு வருசம் முழுக்கப் பூட்டு!

அந்தப் பயம் சும்மா வந்ததில்ல எண்டதையும் சொல்லோணும். வாடகைக்கு இருக்கிற ஆக்களை எழுப்பக் கஷ்டமாக்கின 1972 வாடகைச் சட்டம், அடுத்த வருசமே பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சரா இருக்கேக்க வந்த வீட்டு உச்சவரம்புச் சட்டம், கணக்குக்கு மிஞ்சின வீடெல்லாம் அரசாங்கத்துக்குப் போய், இருந்த ஆக்களுக்கே சொந்தமாகவும் வழி இருந்தது. பழைய ஆக்களுக்கு இப்பவும் வயித்தில புளி கரைக்கும்.

ஆனா எனக்கு விசர் வந்தது வேற இடத்தில. இதே அங்கிள் டொரொன்டோ வீட்டுக்கு வருசா வருசம் அங்கத்த மாநகரசபைக்கு எழுதிக் குடுக்கோணும், ஆள் இருக்கோ இல்லையோ எண்டு. ஆறு மாசம் வெறுமையா கிடந்தா வரி, 2022க்கு வீட்டு மதிப்பில 1%, 2024ல இருந்து 3%. எழுதிக் குடுக்க மறந்தா வெறும் வீடு எண்டே கணக்கு, 2024ல சொந்த வீட்டில சோறு சமைச்சுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த சனத்துக்கே பில் போய் பெரிய அமளி. வான்கூவர்ல 2017லயே தொடங்கிட்டாங்கள். வான்கூவர் இருக்கிற பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் தனியா இன்னொரு வரியும் போட்டு, 2019ல வெளிநாட்டுக்காரருக்கு 2%, கனடாக்காரருக்கு 0.5% எண்டு பிரிச்சு வைச்சது. அங்க கனடாக்காரர் எண்டு தப்புற எங்கட அங்கிள், அதே கணக்கை இங்க போட்டா வெளிநாட்டுக்காரர் லிஸ்டில நிப்பார்!

இங்க இலங்கையில 2014 காணிச் சட்டம் வந்தபோது வெளிநாட்டாருக்குக் காணி இல்ல, ஆனா நாலாம் மாடியும் அதுக்கு மேலயும் ஃப்ளாட் வாங்கலாம், முழுக்காசும் முதலே வெளியில இருந்து வரோணும் எண்டு வைச்சாங்கள். சரி, டொலர் வந்தது. வந்த பிறகு லைட் எரியுதோ எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்ல, பூட்டி வைக்கிறதுக்கெண்டு தனி வரியும் இல்ல, சோலைவரியும் மெயின்டனன்ஸும் கட்டினா விஷயம் முடிஞ்சுது. ராத்திரி மரைன் டிரைவில நடந்து பாருங்கோ, கடல் பக்கம் எத்தின மாடி இருட்டெண்டு. வரி வந்தா சிலபேர் மச்சானை இருக்கிறதாக் கையெழுத்து வைக்க விடுவினம், தெரியும். எண்டாலும் ஏழில ரெண்டு திறந்தாலே எங்களுக்குப் போதும்.

சேர்விஸுக்கு வாறன். அக்ரிமென்ட் ஒழுங்கா எழுதித் தந்தார், தண்ணி பிரஷர் குறைவு எண்டதைக் கேக்க முதலே சொன்னார், அதுக்கு ரெண்டு ஸ்டார். லிஸ்டில பூட்டின வீட்டையும் சேர்த்துக் காட்டுறது சரியான மோசம், நாலு சனிக்கிழமை வீண். கடைசியில ஹம்டன் லேன்ல மூண்டாம் மாடி கிடைச்சுது, லிஃப்ட் பழசு, ஓனர் கீழ் வீட்டிலயே இருக்கிறா, வாடகை வாங்க நேர வந்து தேத்தண்ணியும் குடிச்சிட்டுப் போவா. மூண்டாவது ஸ்டார் அவவுக்கு. போறவங்க முதல் கோல்லயே "ஓனர் எந்த நாட்டில?" எண்டு கேட்டிட்டு ஆட்டோ ஏறுங்கோ.