கியர் வண்டி பழகப் போய் 14,500 ரூபாயை விட்டேன்: கோவைப் பெண்கள் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்

இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது. வலது கைக் கட்டைவிரலால்தான் இதைத் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை விழுந்தேன், இன்று வியாழன். நான்கு நாளாக 14,500 ரூபாயைத் திருப்பிக் கேட்டு அலைந்தேன். இன்று மதியம் என் நம்பரையே பிளாக் பண்ணிவிட்டார்கள். அந்தச் சூட்டில் எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை. போட்டால் என் மேலேயே கேஸ் கொடுப்போம் என்று ஏற்கெனவே வாய்ஸ் மெசேஜ் வந்துவிட்டது. வார இறுதியில் பெண்களுக்குக் கியர் வண்டி கற்றுத்தருகிறோம் என்று போனில் விளம்பரம் ஓடுமே, அந்த மாதிரி ஓர் ‘அகாடமி’. அவ்வளவு தெரிந்தால் போதும். சேருவதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நான் பதினோரு வருஷமாக ஸ்கூட்டர் ஓட்டுகிறவள். காந்திபுரத்தில் இரண்டு டவுன் பஸ்ஸுக்கு நடுவில் புகுந்து வருகிற அளவுக்குக் கை பழகியிருக்கிறது. கியர் மட்டும் தெரியாது. வீட்டுக்காரர் கத்தார் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அவருடைய 2017 பல்சர் பெட்ஷீட் போர்த்திக்கொண்டு போர்ட்டிகோவில் நிற்கிறது. பேட்டரி இறங்காமல் இருக்க வாரம் ஒரு தடவை எதிர் வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்ல வேண்டும். என் ஸ்கூட்டரோ மாசம் ஒரு செலவு வைக்கிறது. வீட்டில் ஒரு வண்டி சும்மா நிற்கும்போது நாமே பழகினால் என்ன என்று தோன்றியது. அவரிடம் கேட்டால் “இரு, நான் வந்து சொல்லித்தர்றேன்” என்பார். அவர் வருவது அடுத்த சித்திரைக்கு.

சரி என்று அந்த விளம்பரத்தைத் தொட்டேன். இலவச டெமோ, வந்து பாருங்க, பிடித்தால் மட்டும் சேருங்க என்றார்கள். போனேன்.

அந்த டெமோவைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ஏமாந்தது அங்கேதான். சொல்லித்தந்தவருக்கு முப்பது வயசு இருக்கும். முழங்கால், முழங்கை எல்லாவற்றுக்கும் காப்பு மாட்டியிருந்தார். நல்ல ஹெல்மெட். என்னை ஒரு 100 சிசி வண்டியில் உட்காரவைத்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றச் சொன்னார். “அக்கா, ஆக்சிலேட்டர்னு ஒண்ணு இருக்கறதையே மறந்துடுங்க. கிளட்ச்ச முழுசாப் புடிங்க. ஒண்ணாவது போடுங்க. இப்ப நூல் நூலா விடுங்க. ஒரு எடத்துல இன்ஜின் சத்தம் அடங்கும். அங்கயே விரல நிறுத்துங்க, அதுக்கு மேல விடாதீங்க.”

விட்டேன். சத்தம் கொஞ்சம் அடங்கியது. விரலை நிறுத்தினேன். நடக்கிற வேகத்தில் வண்டி தானாக நகர்ந்தது. நான் காலால் தரையைத் தடவிக்கொண்டே பத்தடி போனேன். கிளட்ச்சைப் பிடித்தேன், நின்றது. மறுபடி விட்டேன், நகர்ந்தது. அணைந்துபோகவில்லை, துள்ளவில்லை. ஸ்கூட்டரில் இந்த வேலையை எல்லாம் வண்டியே உள்ளே செய்துகொள்கிறது, நாம் முறுக்கினால் போதும். இங்கே அது நம் இடது கை விரலில் இருக்கிறது. டிராஃபிக்கில் ஊர்வதும், சந்தில் திரும்புவதும், ஆர்.டி.ஓ. ஆபீஸில் கால் ஊன்றாமல் எட்டு போடுவதும் இந்த அரை கிளட்ச்சும் பின் பிரேக்கில் லேசான அழுத்தமும்தான் என்று அவர் சொன்னார். அது உண்மை. இன்றைக்கும் மறுக்க மாட்டேன். பத்து நிமிஷத்தில் அவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் எதையும் சொல்லித்தந்ததில்லை. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் 14,500 ரூபாய் கொடுத்திருக்கிறேன் என்று இப்போது புரிகிறது.

பன்னிரண்டு வகுப்பு. ஆளுக்கு ஒரு வண்டி. வண்டி வராத தனி டிராக். ஹெல்மெட், காப்பு எல்லாம் அவர்களே தருவார்கள். இவரேதான் கடைசி வரை சொல்லித்தருவார். அப்புறம் வந்தால் 16,500, இன்றைக்கே கட்டினால் 14,500. சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. பணம் கட்ட போனில் க்யூ.ஆர். கோடைக் காட்டினார். ஸ்கேன் பண்ணினால் அகாடமி பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. கேட்டேன். “கம்பெனி அக்கவுண்ட் இன்னும் ஆக்டிவேட் ஆகலைங்க்கா, அது நம்ம பார்ட்னர்தான்” என்றார். பில் கேட்டேன். வாட்ஸ்அப்பில் வரும் என்றார். வந்தது பில் இல்லை, ஒரு பூங்கொத்துப் படமும் ‘வெல்கம்’ என்ற வார்த்தையும்.

இன்னொன்றும் கேட்டேன். என் லைசென்ஸ் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான், பழகுவதற்கான எல்.எல்.ஆர். லைசென்ஸ் போட வேண்டாமா என்று. “லைசென்ஸ்தான் கையில இருக்கேக்கா, அதே போதும்” என்றார். போதாது. கியர் வண்டி தனி வகை. அதற்குத் தனியாக எல்.எல்.ஆர். போட வேண்டும். போட்டு 30 நாள் ஆன பிறகுதான் டெஸ்ட்டுக்கே போக முடியும். அது இல்லாமல் ரோட்டில் ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுகிற கணக்குத்தான். இதெல்லாம் விழுந்த பிறகு தெரிந்துகொண்டது.

முதல் வகுப்புக்குப் போனால் அந்த ஆள் இல்லை. இருபது வயசுப் பையன் ஒருவன் போனை நோண்டிக்கொண்டு நின்றான். ‘தனி டிராக்’ என்பது விற்காத லேஅவுட்டில் போட்ட தார் ரோடு, ஓரமெல்லாம் மணல். நாங்கள் ஒன்பது பேர். வண்டி இரண்டு, அதில் ஒன்று கிக்கரை உதைத்து உதைத்துப் பார்த்தும் கிளம்பவில்லை. காப்பு எதுவும் கிடையாது. ஒரே ஒரு ஹெல்மெட், அதுவும் காதுக்கு மேலேயே நின்றுவிடுகிற அரை ஹெல்மெட், கொக்கி உடைந்தது. ஒருத்தி தலையில் இருந்து கழற்றி வியர்வையோடு இன்னொருத்திக்கு. என் முறை வந்து போக ஏழு நிமிஷம். நான் போன ஐந்து வகுப்பிலும் இதே ஏழு நிமிஷம்தான், போனிலேயே பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். மொத்தம் 35 நிமிஷம். 14,500 ரூபாயை 35-ஆல் வகுத்துப் பாருங்கள், நிமிஷத்துக்கு 400 ரூபாய்க்கு மேல் வருகிறது. ஏ.சி. காரில் டிரைவர் வைத்து ஊர் சுற்றியிருக்கலாம்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது அந்தப் பையன் சொல்லித்தந்தது. முதல் நாளே எல்லோரிடமும் சொன்னான்: “முன் பிரேக்க மட்டும் தொட்டுறாதீங்க, குப்புற அடிச்சிருவீங்க. கால் பிரேக் போதும்.” நாங்களும் தலையாட்டினோம். அந்த வண்டியின் முன் பிரேக் பிடி அழுத்தினால் கைப்பிடி வரைக்கும் தொளதொளவென்று வந்து ஒட்டியது. வேலை செய்யாத பிரேக்கைத் தொடாதே என்று சொல்வதற்குப் பெயர் பாடமா?

ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது வகுப்பு. லேஅவுட்டுக்குள்ளே சுற்றினது போதும், வெளி ரோட்டுக்குப் போங்கக்கா என்றான். மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்தேன், முப்பதைத் தாண்டியிருக்காது. பால் கேன் கட்டின எக்ஸ்.எல். ஒன்று சந்திலிருந்து குறுக்கே வந்தது. சொன்னபடியே காலால் பின் பிரேக்கை மிதித்தேன். பின் சக்கரம் சுற்றாமல் இழுத்துக்கொண்டு மணலில் பக்கவாட்டில் போனது. இடது பக்கம் விழுந்து கையை ஊன்றினேன். பால்காரர்தான் வண்டியைத் தூக்கினார். பையன் வந்து முதலில் பார்த்தது உடைந்த கண்ணாடியை.

எலும்பு முறியவில்லை, பிசகல்தான். மூன்று வாரம் கட்டு. அந்த வண்டி யாரையாவது இடித்திருந்தால், எல்.எல்.ஆர். இல்லாமல் ஓட்டினவள் நான்தான் என்று ஆகியிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் திங்கட்கிழமை இதைச் சொன்னேன். அவர் எங்கள் பல்சரை வெளியே எடுத்து, என்னைப் பக்கத்தில் நின்று வலது கையால் முன் பிரேக்கை மெதுவாகப் பிடிக்கச் சொல்லிவிட்டு வண்டியைப் பின்னாலிருந்து தள்ளினார். முன் ஃபோர்க் அப்படியே கீழே அமுங்கியது. “பாருங்க, மூக்கு குத்துது. நிறுத்தும்போது பாரமெல்லாம் முன்னாடி வந்துரும். பின் சக்கரத்துல ஆளே இல்லாத மாதிரி. அப்ப பின் பிரேக்க மட்டும் மிதிச்சா அது வழுக்காம என்ன பண்ணும்?” காய்ந்த ரோட்டில் அவசரமாக நிறுத்தும்போது முக்கால்வாசி வேலை முன் பிரேக்குடையதுதானாம். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். முன்னதை வெடுக்கென்று பிடிக்காமல் எலுமிச்சம்பழம் பிழிவதுபோல இறுக்கிக்கொண்டே போக வேண்டும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போதும் மணலிலும் அதைச் சட்டென்று பிடிக்கக் கூடாது. அந்தப் பையன் எங்கேயோ இந்தக் கடைசி வரியை மட்டும் கேட்டிருப்பான் போல.

கியரும் அப்படித்தான். அகாடமி வண்டியில் எல்லாக் கியரும் முன்னால் மிதிப்பது. எல்லா வண்டியும் இப்படித்தான் என்று சொல்லியிருந்தான். பல்சரில் ஒன்றாவது மட்டும்தான் கீழே, மற்றதெல்லாம் பாதத்தால் மேலே தூக்க வேண்டும். வீட்டு வண்டியை ரோட்டில் எடுத்து, மேலே போகிறேன் என்று மிதித்திருந்தால் கீழ்க் கியர் விழுந்து வண்டி உலுக்கியிருக்கும். மெக்கானிக் அண்ணன் இதற்கெல்லாம் காசு வாங்கவில்லை. டீ மட்டும் குடித்தார்.

இனி அவர்கள் பதில் சொன்ன அழகைக் கேளுங்கள். ஞாயிறு மாலை: “ரெஸ்ட் எடுங்கக்கா, பேசிக்கலாம்.” திங்கள்: “பழகும்போது விழறது சகஜமுங்க மேடம்.” பணம் வாங்குகிற வரை அக்கா, பணம் கேட்டதும் மேடம். செவ்வாய்க்கிழமை அவர்களே ஒரு கணக்கு அனுப்பினார்கள்: கண்ணாடி, ஃபுட் ரெஸ்ட், ஹேண்டில் நிமிர்த்தின கூலி, மொத்தம் 1,800 ரூபாய் நான் தர வேண்டுமாம். 14,500 போதாமல் இது வேறு. புதன்கிழமை ஆபீஸில் அரை நாள் லீவு போட்டு நேரில் போனேன். டீக்கடை மாடியில் ஒரு ரூம், ஒரு மேஜை. டெமோவில் பார்த்தவரைக் கேட்டேன். அவர் டெமோவுக்கு மட்டும்தான் வருவாராம். ஓனரைக் கேட்டேன். பெங்களூர் போயிருக்கிறாராம்.

டிரைவிங் ஸ்கூல் நடத்த ஆர்.டி.ஓ. தருகிற உரிமம், படிவம் 11, எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அதற்குள் நானும் கொஞ்சம் படித்துக்கொண்டுதான் போனேன். அங்கே இருந்த பெண் நிதானமாகச் சொன்னாள்: “நாங்க டிரைவிங் ஸ்கூல் இல்லைங்க மேடம். ரைடிங் அகாடமி. அந்த ரூல் எங்களுக்கு வராது.” விளம்பரத்தில் ‘ஆர்.டி.ஓ. அங்கீகாரம்’ என்று போட்டிருப்பதைப் போனில் காட்டினேன். அது டிசைன் பண்ணின பையன் போட்டதாம். அப்புறம் ஒரு யோசனை சொன்னாள் பாருங்கள்: பணம் திரும்ப வராது, ஆனால் தெரிந்தவர்கள் யாரையாவது சேர்த்துவிட்டால் தலைக்கு 1,000 ரூபாய் தருவார்களாம். என் 14,500 திரும்ப வர நான் பதினைந்து பெண்களைக் கொண்டுவந்து அதே மணலில் தள்ள வேண்டும்.

இன்று மதியம் பிளாக்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கட்டைவிரல் ஓய்ந்துவிட்டது. சுருக்கமாக: படிவம் 11-ஐக் கண்ணால் பாருங்கள், அதை ஆபீஸில் தெரிகிற இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். டெமோ கொடுத்தவரேதான் வகுப்பும் எடுப்பாரா என்று எழுத்தில் வாங்குங்கள். தனி ஆள் பெயரில் வருகிற க்யூ.ஆர். கோடுக்குப் பணம் போடாதீர்கள், முழுப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டாதீர்கள். எல்.எல்.ஆர். கையில் வராமல் ரோட்டில் ஏறாதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள முழு ஹெல்மெட்டை உங்கள் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். முன் பிரேக்கைத் தொடாதே என்று யாராவது சொன்னால் அங்கேயே இறங்கிவிடுங்கள்.

நாளைக் காலையில் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடப் போகிறேன். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போடலாம். பணம் போன மெசேஜ், அந்தப் பூங்கொத்துப் படம், 1,800 ரூபாய் கணக்கு எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டேன். என்னோடு இருந்த மற்ற எட்டுப் பேரில் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து பேசுங்கள், தனியாகப் போவதைவிடச் சேர்ந்து போவது மேல்.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த விளம்பரம் மறுபடி மேலே வந்தது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இலவச டெமோவாம். அதே ஆள், அதே காப்பு, அதே ஹெல்மெட்.