இரட்டை என்ஜின் விமானம்: வாடகையா, சொந்தமா? ஒரு சேலத்துக் கணக்கு

ஓமலூர்ப் பக்கம் இப்போது விமானம் என்பது அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிற பொருளாக இல்லை. 1993-ல் திறந்த கமலாபுரம் விமான நிலையம் பல வருஷம் சேவை இல்லாமல் கிடந்து, 2018-ல் சிற்றூர்களுக்கு விமான சேவை கொண்டுவரும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் மறுபடி எழுந்தது. 2022-ல் பயிற்சிப் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்க விமான நிலைய ஆணையம் தேர்ந்தெடுத்த ஊர்களில் சேலமும் சேர்ந்தது. அதிலிருந்து, விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என்னிடம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. சின்ன இரட்டை என்ஜின் விமானத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு ஓட்டுவதா, சொந்தமாக வாங்கிவிடுவதா?

கேட்பவர்கள் இரண்டு வகை. பிள்ளையை விமானி ஆக்க நினைக்கும் பெற்றோர் ஒரு வகை. செவ்வாய்ப்பேட்டையிலோ லீ பஜாரிலோ தொழில் நடத்தி, ஹைதராபாத்துக்கும் கொச்சிக்கும் அடிக்கடி ஓட வேண்டியிருப்பவர்கள் இன்னொரு வகை. தறிப்பட்டறை வைத்திருக்கும் ஒரு அப்பா என்னிடம் கேட்டார்: "பள்ளிக்குக் கட்டற காசுல ஒரு விமானத்தையே வாங்கிப் போட்டுட்டா, பையன் ஓட்டின மாதிரியும் ஆச்சு, சொத்தும் நம்மகிட்டயே நிக்குமேங்க?" நான் சொன்னது: "நிக்கும்ங்க அண்ணா. நின்னாத்தான் செலவே." யானையைக் கட்டித் தீனி போடுகிற கணக்கு அது. வேலை இருக்கிற நாளும் இல்லாத நாளும் அதற்கு ஒன்றுதான்.

முதலில் எத்தனை மணி நேரம் தேவை என்று பார்ப்போம். வணிக விமானி உரிமத்துக்கு டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பு) கேட்பது மொத்தம் 200 மணி நேரப் பறப்பு. நம் நாட்டுப் பள்ளிகளில் வழக்கமான பிரிப்பு 185 மணி ஒற்றை என்ஜினிலும் 15 மணி இரட்டை என்ஜினிலும். ஆக ஒரு மாணவருக்கு இரட்டை என்ஜின் விமானம் தேவைப்படுவது அந்த 15 மணிக்குத்தான். தொழிலதிபரை உட்கார வைத்து அவருடைய பயணங்களை ஒவ்வொன்றாக எழுதச் சொன்னால், அவர் மனதில் நினைத்ததில் பாதிகூட வராது.

இனி பணம். கீழே வரும் தொகைகள் ஒப்பிடுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்களுக்குக் கிடைக்கும் விலைப்புள்ளியை அந்த இடத்தில் போட்டு மறுபடி கணக்குப் போடுங்கள். நன்றாகப் பராமரித்த ஒரு பழைய பைப்பர் செமினோல் (பயிற்சிக்குப் பயன்படும் சின்ன இரட்டை என்ஜின் விமானம்) 2 கோடி ரூபாய். சொந்த உபயோகத்துக்கான விமானத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம், அது 80 லட்சம். கொண்டுவருவது, பதிவு, சான்றிதழ் எல்லாம் 20 லட்சம். ஆகக்கூடி 3 கோடி. அந்தப் பணத்துக்கு 9 சதவீத வட்டி வைத்தால் வருஷத்துக்கு 27 லட்சம். காப்பீடு 7 லட்சம். விமானத்தை நிறுத்தும் ஹேங்கர் கொட்டகைக்கு வாடகை, தகுதிச் சான்றைப் புதுப்பிப்பது, பராமரிப்பு நிறுவனத்தோடு ஒப்பந்தம், வருடாந்திரச் சோதனை இவற்றுக்கு 18 லட்சம். இந்த 52 லட்சமும் என்ஜினை ஒரு முறைகூடக் கிளப்பாமலே போகிற செலவு. விமானிக்குச் சம்பளம் இதில் சேரவில்லை.

பறக்கும் செலவு தனி. செமினோலின் இரண்டு லைகாமிங் என்ஜினும் சேர்ந்து மணிக்குச் சுமார் 75 லிட்டர் ஏவ்கேஸ், அதாவது விமானப் பெட்ரோல், குடிக்கும். லிட்டர் 200 ரூபாய் என்று வைத்தால் 15,000. 100 மணிச் சோதனை, டயர், பிரேக், சில்லறை வேலைகள் 5,500. என்ஜின்களைப் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹால் செலவுக்கு எடுத்து வைப்பது 3,500. புரொப்பெல்லருக்கு 1,000. மொத்தம் மணிக்கு 25,000. இதே விமானத்துக்குப் பள்ளியில் வாடகை, பெட்ரோலும் சேர்த்து மணிக்கு 45,000 என்று கொள்வோம்.

| வருஷத்தில் பறப்பது | வாடகை | சொந்தம் | சொந்தத்தில் ஒரு மணிக்கு |
|---|---|---|---|
| 15 மணி | 6.75 லட்சம் | 55.75 லட்சம் | சுமார் 3.72 லட்சம் |
| 100 மணி | 45 லட்சம் | 77 லட்சம் | 77,000 |
| 260 மணி | 1.17 கோடி | 1.17 கோடி | 45,000 |
| 400 மணி | 1.80 கோடி | 1.52 கோடி | 38,000 |

260 மணியில்தான் இரண்டும் சமன். "என் கைக்காசு, எனக்கு எதுக்கு வட்டிக் கணக்கு" என்று அந்த 27 லட்சத்தை எடுத்துவிட்டாலும் 125 மணிக்குக் கீழே சொந்தம் கட்டாது. வட்டியை எடுப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அந்த 3 கோடி வங்கியில் கிடந்தாலே ஏதாவது சம்பாதித்துக் கொடுத்திருக்கும்.

குறைவாகப் பறக்கும் சொந்தக்காரருக்கு இந்த அட்டவணைகூடச் சலுகை காட்டுகிறது. காரணம் என்ஜின். செமினோலில் இருப்பது போன்ற லைகாமிங் என்ஜினுக்கு ஓவர்ஹால் இடைவெளி 2,000 மணி அல்லது 12 வருஷம், எது முன்னால் வருகிறதோ அது. வருஷம் 60 மணி பறப்பவருக்கு 12 வருஷத்தில் 720 மணிதான் ஆகியிருக்கும், ஆனால் கெடு முடிந்துவிடும். இரண்டு என்ஜினுக்கும் சேர்த்து 70 லட்சம் என்றால், மேலே நான் எழுதிய 3,500 அவருக்கு 9,700 ஆகிவிடுகிறது. வருஷத்துக்கு 167 மணிக்குக் கீழே பறக்கும் யாருக்கும் என்ஜினைத் தீர்ப்பது நாட்காட்டிதான், மீட்டர் இல்லை.

அதோடு துரு. லைகாமிங் என்ஜினில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டு மேலே இருக்கிறது. என்ஜின் ஓடும்போது தெறிக்கும் எண்ணெய்தான் அதற்குப் பூச்சு. வாரக்கணக்கில் நிறுத்திவிட்டால் எண்ணெய் வடிந்து இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் உலோகம் காற்றோடு நேராகப் பேச ஆரம்பிக்கும். துருப்புள்ளி விழுந்த கேம் அதன்மேல் உரசும் பாகத்தையும் தின்றுவிடும். தினமும் பறக்கும் பள்ளி விமானத்தின் என்ஜின் பெரும்பாலும் வயசு முழுக்க வாழ்ந்துவிட்டுப் போவதையும், போர்வை போர்த்திப் பத்திரமாக வைத்திருந்த விமானத்தின் என்ஜின் பாதியில் பிரிபடுவதையும் பார்த்தவன் நான். "சும்மாதானே நிக்குது, தேயவா போகுது" என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

பள்ளிக்கு இன்னொரு சாதகம் வரியில் இருக்கிறது. தனிப்பட்ட உபயோகம் அல்லாத விமானத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். அதே 2 கோடி விமானத்துக்கு நீங்கள் 80 லட்சம் கட்டும் இடத்தில் பள்ளி 10 லட்சம் கட்டுகிறது. அந்த விமானமே வருஷம் 400, 500 மணி ஓடினால் அவர்கள் லாபம் வைத்து விற்கும் மணிகூட உங்கள் சொந்த மணியை விட மலிவாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

வாடகையிலும் கவனிக்க வேண்டியது உண்டு. மீட்டர் எப்போது ஓடத் தொடங்குகிறது என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து திரும்ப வந்து நிற்கும் வரை கணக்கு. கமலாபுரத்தில் ஓடுபாதை ஒன்றுதான், அதே பாதையில்தான் பயணிகள் விமானமும் இறங்கும். அது இறங்கிப் போகும்வரை என்ஜின் ஓடக் காத்திருக்கும் நிமிஷங்களும் உங்கள் கணக்கில் ஏறும். ஆகவே பயணிகள் விமானம் வரும் நேரத்தைத் தவிர்த்து உங்கள் பறப்பை வைக்கச் சொல்லிப் பயிற்றுநரிடம் கேட்பது தப்பில்லை. பயிற்றுநர் கட்டணம், தரையிறங்கும் கட்டணம், பெட்ரோல் விலை ஏறினால் கூடுதல் யாருக்கு என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். விமானம் பழுதாகி மாதக்கணக்கில் நின்றால் கட்டிய பணம் என்ன ஆகும் என்பதும் இருக்க வேண்டும். ஒரே ஒரு இரட்டை என்ஜின் விமானத்தை வைத்திருக்கும் பள்ளியில் இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். அங்கே பிள்ளை 185 மணியை முடித்துவிட்டு மிச்ச 15-க்காகக் காத்துக் கிடக்க நேரும்.

எந்த விமானம் என்பதிலும் வாடகைக்காரர் பார்வை வேறு, வாங்குபவர் பார்வை வேறு. டயமண்ட் டிஏ-42-ல் இருக்கும் ஆஸ்ட்ரோ என்ஜின்கள் ஜெட் எரிபொருளில் ஓடும் டீசல் வகை. இரண்டும் சேர்ந்து மணிக்கு 40 முதல் 45 லிட்டர்தான் குடிக்கும். ஜெட் எரிபொருள் பயணிகள் விமானம் போகும் பெரும்பாலான ஊர்களில் கிடைக்கும். ஏவ்கேஸ் அப்படி இல்லை. 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்ததை அறிமுகப்படுத்தும்வரை அது முழுக்க இறக்குமதிதான். இன்றைக்கும் பல ஊர்களுக்குப் பீப்பாயில் வரவழைக்க வேண்டிய சரக்கு அது. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் டிஏ-42 மணிக்குப் பத்தாயிரம் ரூபாய் எரிபொருளில் மிச்சப்படுத்தும். ஆனால் அதன் விலை பழைய செமினோலைப் போலப் பல மடங்கு, என்ஜின் இடைவெளியும் 1,800 மணி. வருஷம் 400 மணி ஓட்டும் பள்ளிக்கு அது சரியான முதலீடு. 60 மணி ஓட்டும் தனி ஆளுக்கு, மணிக்குப் பத்தாயிரம் மிச்சம் பிடித்து வருஷத்தில் 6 லட்சம் சேர்க்க, கோடிக்கணக்கில் கூடுதலாகப் போட வேண்டும்.

டெக்னாம் பி2006டி என்ற இன்னொரு இரட்டை என்ஜின் விமானத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் 100 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் என்ஜின்கள் கார் பெட்ரோலில் ஓடும் என்று படித்துவிட்டு, ஓமலூர் பங்க்கிலேயே நிரப்பிக்கொள்ளலாம் என்று மனக்கோட்டை கட்டுகிறார்கள். ரோட்டாக்ஸ் ஏற்பது 10 சதவீத எத்தனால் வரைதான். நம் பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் கலந்த பெட்ரோல். அதை நிரப்பவே கூடாது. ஆக இங்கே டெக்னாமுக்கும் ஏவ்கேஸ் கணக்கைத்தான் போட வேண்டும்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 அடி. கிழக்கே எழும்பி நிற்கும் சேர்வராயன் மலை 5,300 அடிக்கு மேல். முழு எடையில் ஒரு என்ஜின் நின்றுவிட்டால் செமினோல் ஏறக்கூடிய உயரம் சுமார் 3,800 அடிதான், அதுவும் குளிர்ச்சியான தரநிலை வானிலையில். சித்திரை வெயிலில் இன்னும் குறையும். ஏற்காட்டுக்கு மேலே பறக்கும்போது ஒரு என்ஜின் போனால், இன்னொன்று இருக்கிறதே என்று மலைமேல் நிற்க முடியாது. இறங்கத்தான் செய்யும், எந்தப் பக்கம் திரும்பி இறங்குவது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். உயரத்திலும் என்ஜின் சக்தியைத் தக்கவைக்கும் டர்போ உள்ள பைப்பர் செனிகாவோ டிஏ-42-வோ இந்த இடத்தில் மேல். இரண்டாவது என்ஜினுக்குக் கொடுக்கிற காசு முழுசாகப் பலன் தருவது அடிக்கடி பயிற்சி செய்கிற கையில்தான். வருஷம் 30 மணி பறக்கிற சொந்தக்காரர், பணம் இறுகும்போது முதலில் வெட்டுவது, ஒரு என்ஜின் நின்றால் சமாளிப்பதற்குப் பயிற்றுநரோடு செய்யும் பயிற்சியைத்தான். எனக்குப் பயம் அங்கேதான். அதே ஆள் சொந்த விமானத்தை விட்டுவிட்டு வாடகையில் மாதம் இரண்டு மணி பயிற்றுநரோடு பறந்தால் செலவும் குறையும், கையும் பழகும்.

தொழிலதிபருக்கு மூன்றாவது வழி, தேவைப்படும்போது சார்ட்டர், அதாவது விமானியோடு முழு விமானத்தையும் ஒரு பயணத்துக்கு மட்டும் அமர்த்துவது. விமானம் வேறு ஊரிலிருந்து காலியாக வந்து காலியாகத் திரும்பும் நேரத்துக்கும் நீங்கள்தான் கொடுப்பீர்கள். அப்படிப் பார்த்தாலும் வருஷத்தில் சில பயணம் என்றால் அதுதான் மலிவு. சொந்த விமானத்தில் அண்டை வீட்டுக்காரரை ஏற்றிக் காசு வாங்கி ஈடுகட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு: தனியார் பதிவு விமானத்தில் கட்டணப் பயணம் சட்டத்துக்குப் புறம்பு, அதற்கு டிஜிசிஏ தரும் தனி இயக்க அனுமதி வேண்டும். விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைவிடும்.

நான்கு பேர் கூட்டாக வாங்குவதை மட்டும் நான் ஆதரிப்பேன். ஆளுக்கு நிலையான செலவு 13 லட்சம். ஒவ்வொருவரும் 60 மணி பறந்தால் மொத்தம் 240 மணி, ஒரு மணி சுமார் 46,700-க்கு வந்துவிடும். என்ஜினும் துருப்பிடிக்காது. இதைக் கெடுப்பது பெரும்பாலும் பணம் இல்லை, ஒப்பந்தம் இல்லாததுதான். பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதப் பங்கு கட்டுவது, ஓவர்ஹால் பணம் யாரும் கைவைக்க முடியாத தனிக் கணக்கில் கிடப்பது, விலகுபவரின் பங்குக்கு விலை நிர்ணயிப்பது, தீபாவளி வாரத்தில் விமானம் யாருக்கு என்பது உட்பட எல்லாவற்றையும் பத்திரத்தில் எழுதிவிட வேண்டும். பங்காளிகளாக இருந்தாலும், மச்சான் உறவாக இருந்தாலும் எழுதியே ஆக வேண்டும்.

வாங்கிப் பள்ளிக்கே குத்தகைக்கு விடும் யோசனையும் வரும். தறிப்பட்டறை அண்ணனும் கடைசியில் இதைத்தான் கேட்டார். மணிகள் சேரும், வருமானமும் வரும். ஆனால் புதிதாகக் கற்பவர்கள் தடாலென்று இறக்கும் தரையிறக்கங்களும், பயிற்சிக்காகத் திரும்பத் திரும்ப என்ஜினை அடக்கி எழுப்புவதும் உங்கள் சொத்தின் மேல்தான் நடக்கும். குறைந்தபட்சம் இத்தனை மணிக்குப் பணம் தருவோம் என்ற உத்தரவாதம், மணிக்கு இவ்வளவு என்று ஓவர்ஹால் கணக்கில் பள்ளியே கட்டுவது, 100 மணிச் சோதனையின் அறிக்கை நகல் ஒவ்வொரு முறையும் உங்கள் கைக்கு வருவது, இந்த மூன்றும் இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். அவருக்கு அனுப்பப்பட்ட வரைவில் மூன்றில் ஒன்றுகூட இல்லை. பையனுக்கு 15 மணியை வாடகையிலேயே கட்டிவிட்டு, மிச்சப் பணத்தைப் பட்டறையிலேயே போடச் சொல்லி அனுப்பினேன்.