கார்ன்வாலிஸ் கோட்டையில் தொடங்கும் அமெரிக்கக் கதை: ஜார்ஜ் டவுன் தமிழ் வரலாற்று நடை

பினாங்கில் நடைச் சுற்றுலா என்றால் சுவரோவியம், செல்பி, வெயில் தாங்காமல் ஒரு செண்டோல், இவ்வளவுதான் என்று நினைப்பவர்களுக்கு இது வேறு சரக்கு. முழுக்கத் தமிழில் இரண்டரை மணி நேரம், ஆளுக்கு 60 வெள்ளி, கோட்டை நுழைவுச்சீட்டு தனி. பேசுபொருள், அமெரிக்காவில் குடியேறிய பிரிட்டிஷ்காரர்கள் எப்படி ஒரு தனி நாட்டு மக்களாகத் தங்களை நினைக்கத் தொடங்கினார்கள் என்பது. "பாஸ்டன் கதையைக் கேட்க எதுக்குடா பினாங்கு வரணும்?" என்று பட்டர்வொர்த் பெர்ரியிலேயே மாமா முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்.

கோட்டை வாசலில் அதற்குப் பதில் கிடைத்துவிடுகிறது. அமெரிக்க விடுதலைப் போரில், 1781இல் யார்க்டவுனில் அமெரிக்கப் படைத்தலைவர் வாஷிங்டனிடம் சரணடைந்த பிரிட்டிஷ் படையின் தளபதிதான் கார்ன்வாலிஸ். தோற்றவரை மூலையில் உட்கார வைக்கவில்லை, 1786இல் இந்தியாவுக்குத் தலைமை ஆளுநராக அனுப்பினார்கள். அதே ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் இங்கே பிரிட்டிஷ் கொடியேற்றினார். கோட்டைக்குக் கார்ன்வாலிஸ் பெயர், ஊருக்கு அன்றைய பிரிட்டிஷ் ராஜா மூன்றாம் ஜார்ஜ் பெயர். அமெரிக்கர்கள் வேண்டாம் என்று உதறிய ராஜாவும் அவர்களிடம் தோற்ற தளபதியும் நம் ஊர்ப் பெயர்ப்பலகையில் இன்னும் இருக்கிறார்கள். ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வு வரை சரித்திரம் படித்த எனக்கு இந்த இரண்டையும் யாரும் சேர்த்துச் சொன்னதில்லை.

வழிகாட்டி இளைஞர். நல்ல தமிழ், மனப்பாட ஒப்பிப்பு இல்லை. 1754இல் அமெரிக்காவின் ஆல்பனியில் சில பிரிட்டிஷ் காலனிகளின் பிரதிநிதிகள் கூடியதிலிருந்து தொடங்குகிறார். துண்டு துண்டாக வெட்டப்பட்ட பாம்பின் படத்தை பெஞ்சமின் பிராங்க்ளின் தன் பத்திரிகையில் போட்டு, சேருங்கள், இல்லாவிட்டால் சாவுதான் என்றார். ஒன்றுபடுவதற்கு ஒரு திட்டமும் போட்டார்கள், காலனிச் சபை ஒன்றுகூட அதை ஏற்கவில்லை. அன்றைக்கு ஒருவரைக் கேட்டால் வர்ஜீனியாக்காரன் என்பார், அப்புறம் ஆங்கிலேயன் என்பார், அமெரிக்கன் என்ற நினைப்பு பெரும்பாலோருக்கு மூன்றாவதாகக்கூட வந்திருக்காது.

1765இல் முத்திரைத்தாள் வரி. பத்திரிகை, வழக்குக் காகிதம், சீட்டுக்கட்டு வரைக்கும் வரி போட்டார்கள். இங்கே வழிகாட்டி சொன்னது எனக்குப் பிடித்திருந்தது: லண்டன் கைவைத்தது அச்சுக்கூடக்காரர் மேலும் வழக்கறிஞர் மேலும், அதாவது ஊரிலேயே சத்தமாக எழுதத் தெரிந்தவர்கள் மேல். ஒன்பது காலனிகள் நியூயார்க்கில் கூடின. அப்போதும் அவர்கள் கேட்டது ஆங்கிலேயருக்கு உள்ள உரிமை எங்களுக்கும் வேண்டும் என்பதைத்தான். அடுத்த ஆண்டே வரி ரத்தானது, ஆனால் சேர்ந்து கத்தினால் காது கேட்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது.

நடையின் உயிர் லெபோ பாசாரில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) வாங்கிக் கொடுத்துவிட்டு 1773 தேயிலைக் கதையைத் தொடங்குகிறார். தேயிலை வரியை எதிர்த்தவர்கள் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டிய 342 பெட்டிகளும் கிழக்கிந்தியக் கம்பெனியுடையவை, சீனத்திலிருந்து வந்த தேயிலை. 13 வருஷம் கழித்துப் பினாங்கைப் பிடித்ததும் அதே கம்பெனி, அதே சீன வியாபாரத்துக்கு வழியில் ஒரு துறைமுகம் வேண்டும் என்று. இன்னொன்று, லண்டன் அந்த ஆண்டு போட்ட தேயிலைச் சட்டத்தால் தேயிலை விலை குறையத்தான் இருந்தது. மலிவாகக் கொடுத்து வரியை ஒப்புக்கொள்ள வைக்கப் பார்க்கிறார்கள் என்பதுதான் கோபம். தண்டனையாக 1774இல் பாஸ்டன் துறைமுகத்தை மூடினார்கள். மற்ற காலனிகள் உணவு அனுப்பின, தெற்குக் கரோலினாவிலிருந்து அரிசி போனது. மசாலா வாசமும் ஸ்பீக்கர் பாட்டுமாக இருந்த அந்தத் தெருவில் இதைக் கேட்கும்போது, எங்கோ தூரத்து ஊரின் கஷ்டத்துக்கு ஒருவன் மூட்டை கட்டி அனுப்புவதுதான் நாடு என்பதன் ஆரம்பம் என்று எனக்குப் பட்டது. செப்டம்பரில் பிலடெல்பியாவில் கூடியபோது ஜார்ஜியா தவிரப் பன்னிரண்டு காலனிகள் வந்துவிட்டன.

"தம்பி, அப்போ எந்த வருஷம் அமெரிக்கரானாங்க?" என்று மாமா கேட்டார். "தேதி சொல்ல முடியாதுங்கய்யா, 1775 ஏப்ரல்லயே துப்பாக்கிச் சண்டை வந்துருச்சு, ஜூலையில ராஜாவுக்குச் சமாதான மனு அனுப்புறாங்க" என்றார். ராஜா அவர்களைக் கலகக்காரர்கள் என்று அறிவித்ததுதான் பலரைத் தள்ளிவிட்டது என்று விளக்கினார். நேர்மையான பதில்.

இனி குறைகள். இருபதுக்கும் மேற்பட்டவர்களை மைக் இல்லாமல் லெபோ பந்தாயில் நிறுத்திப் பேசுவது அநியாயம், மோட்டார் சைக்கிள் போகிற சத்தத்தில் பின்வரிசைக்குப் பாதி விழவில்லை. இங்கிலாந்துத் துணியை ஒதுக்கிவிட்டு வீட்டில் நூல் நூற்ற பெண்கள் இல்லாமல் பிரிட்டிஷ் சரக்குப் புறக்கணிப்பு நடந்தே இருக்காது, அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடிமைகளும் பூர்வகுடிகளும் அந்த 'நாங்கள்' என்பதில் சேர்க்கப்படவில்லை என்பதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். ராஜா பக்கம் நின்று பின்னால் கனடாவுக்குப் போனவர்களும் காணோம்.

கடைசி நிறுத்தத்தில் இதை 1957 மெர்டேக்காவோடு, அதாவது மலாயா சுதந்திரத்தோடு ஒப்பிடுகிறார், அது எனக்கு ஒட்டவில்லை. அங்கே குடியேறியவர்களே தங்கள் சொந்த அரசை எதிர்த்தார்கள். இங்கே நம் ஆட்கள் வியாபாரிகளாக வந்தார்கள், கைதிகளாகக் கப்பலேற்றப்பட்டு வந்து பினாங்கில் சாலை போட்டார்கள், பின்னால் தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்தார்கள். இந்த வரலாற்றை அமெரிக்கச் சட்டைக்குள் திணிக்க முடியாது. அந்தக் கால் மணி நேரத்தை நூல் நூற்ற பெண்களுக்குக் கொடுத்திருக்கலாம்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். காலை நடையையே எடுங்கள், மதிய வெயிலில் யார்க்டவுன் வரை மண்டையில் ஏறாது. நான்காம், ஐந்தாம் படிவப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம், சின்னதுகள் தே தாரிக்கோடு கழன்றுகொள்ளும். வழிகாட்டி பக்கத்திலேயே ஒட்டி நடங்கள். மாமா அடுத்த வாரத்துக்குத் தன் கோவில் நண்பர்களுக்கும் இடம் சொல்லி வைத்திருக்கிறார், மைக் வாங்கச் சொல்லிவிட்டுத்தான்.