டிஎன்னா, எச்-1பியா? கனடா, மெக்சிகோ பாஸ்போர்ட்காரர்களுக்கு ஒரு கணக்கு

கனடா பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் அமெரிக்க வேலை விசாவான எச்-1பியின் குலுக்கலுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், 'இவருக்கு டிஎன் பற்றி யாரும் சொல்லவில்லையா?' என்றுதான் தோன்றும். சிலருக்கு நிஜமாகவே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சிலரோ எல்லாம் தெரிந்தேதான் அந்த வரிசையில் நிற்கிறார்கள்.

டிஎன் என்பது கனடா, மெக்சிகோ நாட்டவர் அமெரிக்காவில் வேலை பார்ப்பதற்கான அனுமதி. 1994இல், இந்த மூன்று நாடுகளின் நாஃப்டா வர்த்தக ஒப்பந்தத்தோடு வந்தது. 2020 ஜூலை 1 முதல் நாஃப்டாவின் இடத்தில் யுஎஸ்எம்சிஏ என்ற புதிய ஒப்பந்தம் இருக்கிறது. டிஎன் அப்படியே தொடர்கிறது. கனடா அல்லது மெக்சிகோ குடியுரிமை இருந்தால்தான் கிடைக்கும். கனடாவில் குடியுரிமை இல்லாமல் பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) மட்டும் வைத்திருப்பவர்கள் கேட்டுப் பயனில்லை.

வேகத்தில் இரண்டுக்கும் போட்டியே கிடையாது. எச்-1பிக்கு மார்ச்சில் பதிவு, குலுக்கலில் பெயர் விழுந்தால் மனு, அக்டோபர் 1இல்தான் வேலை. ஆண்டுக்கு 65,000 இடம், அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் முடித்தவர்களுக்கு இன்னொரு 20,000. டிஎன்னுக்கு உச்சவரம்பும் இல்லை, குலுக்கலும் இல்லை. கனடாக்காரர் டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தில், விமானம் ஏறுவதற்கு முன்பே இருக்கும் அமெரிக்கக் குடிநுழைவுப் பிரிவில் பாஸ்போர்ட், பட்டச் சான்றிதழ், கம்பெனி கொடுத்த கடிதம் மூன்றையும் நீட்டலாம். விண்ணப்பக் கட்டணம் 50 டாலர். எல்லாம் சரியாக இருந்தால் அன்றே மூன்று வருட அனுமதியோடு விமானம் ஏறிவிடலாம்.

சரியாக இருந்தால் என்பதில்தான் சூட்சுமம். ஒப்பந்தத்தோடு இணைந்த பட்டியலில் சுமார் 60 தொழில்கள் இருக்கின்றன. கணக்காளர், பொறியாளர், நர்ஸ், பொருளியலாளர் எல்லாம் உண்டு. 'கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் அனலிஸ்ட்' உண்டு, 'புரோகிராமர்' கிடையாது. கடிதத்தில் வேலை விவரம் முழுக்கப் புரோகிராம் எழுதுவதாகவே இருந்தால், மேலே 'அனலிஸ்ட்' என்று தலைப்பு போட்டும் பயனில்லை; கவுண்டரில் இருக்கும் அதிகாரி திருப்பி அனுப்பிவிடலாம். மருத்துவர்களும் கவனிக்க வேண்டும்: கற்பித்தல், ஆராய்ச்சி என்றால்தான் டிஎன், நோயாளிகளைப் பார்ப்பதே பிரதான வேலை என்றால் ஆகாது. எச்-1பிக்கு இப்படிப் பட்டியல் இல்லை. பட்டம் தேவைப்படும் சிறப்புத் தொழில் என்று நிரூபித்தால் போதும். பட்டத்தில் குறை இருந்தால் மூன்று வருட அனுபவத்தை ஒரு வருடப் படிப்பாகக் கணக்கிடவும் வழி உண்டு. இந்தியாவில் மூன்று வருட பிஎஸ்சி முடித்துக் கனடா போனவர்களுக்கு இது பெரிய விஷயம். டிஎன்னில் அந்தச் சலுகை இல்லை.

மெக்சிகோக்காரர்களின் நிலை வேறு. அதே ஒப்பந்தம், அதே பட்டியல். ஆனாலும் அவர்கள் முதலில் அமெரிக்கத் தூதரகத்தில் விண்ணப்பித்து, நேர்காணலுக்குப் போய் விசா முத்திரை வாங்கித்தான் எல்லைக்கு வர வேண்டும். கனடாக்காரருக்கு விசாவே தேவையில்லை. 2004 வரை மெக்சிகோவுக்கு மட்டும் ஆண்டுக்கு 5,500 என்ற வரம்பும் இருந்தது. கூட்டாளிகள் என்று சொல்லிக்கொள்ளும் நாடுகளுக்கிடையே இந்த ஓரவஞ்சனை எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் மெக்சிகோ பொறியாளருக்குக்கூட குலுக்கலைவிட இது எவ்வளவோ மேல்.

இவ்வளவு வசதி இருந்தும் ஏன் எச்-1பி? காரணம் கிரீன் கார்டு. எச்-1பியில் இருந்துகொண்டே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. எச்-1பியின் வழக்கமான ஆறு வருட வரம்பு முடிந்தாலும், ஐ-140 மனு (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) ஏற்கப்பட்டு வரிசையில் நிற்பவர் நீட்டித்துக்கொண்டே போகலாம். டிஎன்னையும் எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் 'தற்காலிகமாகத்தான் வருகிறேன்' என்று காட்ட வேண்டும். கிரீன் கார்டு மனு போட்டுவிட்டு அதே வாயால் அப்படிச் சொன்னால் அதிகாரி நம்புவாரா?

நம்மவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். டிஎன்னுக்குக் குடியுரிமையைப் பார்ப்பார்கள். கிரீன் கார்டு வரிசைக்குப் பிறந்த நாட்டைப் பார்ப்பார்கள். டொராண்டோவின் ஸ்கார்பரோவில் ஒரே தெருவில் இரண்டு கனடியத் தமிழர்கள். ஒருவர் பிறந்தது யாழ்ப்பாணம், இன்னொருவர் மதுரை. டிஎன்னில் இருவரும் சமம். கிரீன் கார்டில் மதுரைக்காரர் இந்திய வரிசையின் வாலில் நிற்பார். பல வருடக் காத்திருப்பு. யாழ்ப்பாணத்துக்காரருக்கு அந்த நெரிசல் இல்லை. மதுரைக்காரர் யாழ்ப்பாணத்துப் பெண்ணைக் கட்டியிருந்தால், மனைவி பிறந்த நாட்டின் வரிசையில் நிற்கச் சட்டத்தில் இடம் உண்டு. இதைப் பலர் வக்கீலிடம் கேட்பதுகூட இல்லை.

குடும்பத்தோடு போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டிஎன்காரரின் துணைவருக்குக் கிடைக்கும் டிடி அனுமதியில் படிக்கலாம், வேலை பார்க்க முடியாது. எச்-1பிக்காரரின் துணைவருக்கான எச்-4இல் இருப்பவர், எச்-1பிக்காரரின் ஐ-140 ஏற்கப்பட்டபின் வேலை அனுமதி கேட்கலாம். 2015இல் வந்த விதி.

என்னைக் கேட்டால், இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பப்போகிறவர் எச்-1பி பக்கமே போக வேண்டாம். அங்கேயே தங்கும் எண்ணம் இருந்தால், முதலில் டிஎன்னில் உள்ளே போய், கம்பெனியைக் கேட்டு மார்ச்தோறும் எச்-1பிக்குப் பதிவு செய்யுங்கள். 2025 செப்டம்பரில் எச்-1பி மனுக்களுக்கு அறிவித்த 1,00,000 டாலர் கட்டணம் வெளியிலிருந்து புதிதாக வருவோரைக் குறிவைத்தது. அமெரிக்காவுக்குள் இருந்தபடியே டிஎன் போன்ற ஒரு நிலையிலிருந்து எச்-1பிக்கு மாறிக்கொள்பவர்களுக்கு அது பொருந்தாது என்று அமெரிக்கக் குடிவரவுத் துறை அடுத்த மாதமே விளக்கிவிட்டது. ஆனால் அந்த மனு நிலுவையில் இருக்கும்போது டொராண்டோவில் மச்சான் கல்யாணம் என்று எல்லையைத் தாண்டினால், நிலைமாற்றக் கோரிக்கையைக் கைவிட்டதாகவே கொள்வார்கள். தேதியை வக்கீலிடம் காட்டிவிட்டு டிக்கெட் போடுங்கள்.