நாக்ஸ்வில் மண்ணில் ஒரு 360 எஞ்சின்: ஐந்து சீசன் அனுபவம்

ஐந்து சீசன், 82 பந்தய இரவுகள், ஒரே எஞ்சின். பிளாக்கும் (எஞ்சினின் உடல்) கிராங்க்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) வாங்கிய நாளில் இருந்தவையேதான். மற்றதில் பெரும்பாலானவற்றை ஒரு முறையாவது மாற்றிவிட்டோம்.

நான் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள டெ மாயினில் வேலை பார்க்கிறேன். ஏப்ரலில் தொடங்கி சனிக்கிழமை மாலைகள் எல்லாம் அங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் நாக்ஸ்வில் ரேஸ்வேயில்தான். அரை மைல் களிமண் ஓவல். 1961 முதல் நாக்ஸ்வில் நேஷனல்ஸ் என்ற பெரிய ஸ்பிரிண்ட் கார் பந்தயம் நடக்கும் இடம், ஸ்பிரிண்ட் கார் உலகத்துக்கு அதுதான் தலைநகர். எங்களுடையது நாலு பேர் கொண்ட சின்ன அணி. கார் பக்கத்து வீட்டுக்காரருடையது, எஞ்சின் என் பொறுப்பு.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே பெரிய இறக்கை வைத்த இந்தக் கார்களில் உச்சப் பிரிவுக்கு 410 கன அங்குல வி8 எஞ்சின், சுமார் 900 குதிரைத்திறன். ஓட்டுநரையும் சேர்த்தே கார் சுமார் 650 கிலோதான். எங்களுடையது அதற்கு அடுத்த 360 பிரிவு, சுமார் 700 குதிரைத்திறன். ஸ்டார்ட்டர் கிடையாது, கிளட்ச் கிடையாது, கியர்பாக்ஸும் கிடையாது. பின்னாலிருந்து ஒரு டிரக் தள்ளும். ஆயில் பிரஷர் ஏறியதைப் பார்த்த பிறகுதான் ஓட்டுநர் மேக்னெட்டோ (பிளக்குகளுக்கு மின்பொறி தரும் கருவி) சுவிட்சைப் போடுவார்.

புது 360 எங்கள் கைக்கு எட்டாத விலை என்பதால் பழைய எஞ்சினை 21,000 டாலருக்கு வாங்கினோம். அந்த முடிவில் இன்றும் வருத்தமில்லை. ஆனால் வாங்கும் விலை பாதிக் கதைதான். ஒவ்வொரு குளிர்காலமும் முழுதாகக் கழற்றிப் பூட்ட வேண்டும், சீசன் நடுவில் ஒரு முறை ஹெட் இறக்க வேண்டும். எஞ்சின் வாங்கக் கணக்குப் போடுகிறவர்கள் இந்தச் செலவையும் சேர்த்தே போடுங்கள்.

எங்களுக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது எரிபொருள்தான். மெத்தனால் நல்ல எரிபொருள். ஆவியாகும்போது நிறைய வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் உள்ளே போகும் காற்று குளிர்ந்து அடர்த்தியாகும், 14:1க்கு மேல் கம்ப்ரஷன் வைத்தாலும் நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) வராது. ஆனால் ஏராளமாகக் குடிக்கும். பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும் என்றால் மெத்தனாலுக்கு 6.4 பங்குதான். எஞ்சின் சூடாகும் முன் ஓட்டினால் எரியாத மெத்தனால் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலந்துவிடும். முதல் சீசனில் ஆயிலை வடித்தபோது பால் ஊற்றிய காபி போல வந்தது. அன்றிலிருந்து ஆயில் டேங்கை முன்பே சூடேற்றிவிடுகிறோம், தண்ணீர் 180 டிகிரி ஃபாரன்ஹீட் தொடும் வரை காரைத் தடத்துக்கு அனுப்புவதில்லை. ஆயிலை இரண்டு இரவுக்கு ஒரு முறை மாற்றுகிறோம்.

எங்கள் பிஸ்டன் போனதும் மெத்தனாலால்தான். இரண்டாவது சீசன் ஜூலையில் அடுத்தடுத்து இரண்டு சனிக்கிழமை மழை. டேங்க், பம்ப், குழாய் எல்லாவற்றிலும் மெத்தனாலோடு கார் பதினைந்து நாள் நின்றது. மெத்தனால் ஈரத்தை உறிஞ்சி அலுமினியத்தை அரிக்கும், வெள்ளையாகப் பசை போல ஒரு படிவு வரும். அது ஏழாவது சிலிண்டரின் நாசிலைப் பாதி அடைத்திருந்தது. அந்தச் சிலிண்டருக்கு மட்டும் எரிபொருள் குறைந்து, ஹீட் ரேஸின் (இறுதிப் பந்தயத்துக்கு முந்தைய சிறு பந்தயம்) ஐந்தாவது சுற்றில் பிஸ்டன் விளிம்பு உருகிப் போனது. மழை நின்றதும் டேங்கை வடித்திருந்தால் போதும். அந்தத் தவறு முழுக்க என்னுடையது. இப்போது பந்தயம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அன்றிரவே மெத்தனாலை வடித்து, பம்ப்பிலும் குழாய்களிலும் பாதுகாப்பு எண்ணெய் ஓடவிட்டு, எட்டு நாசில்களையும் கழற்றி ஊதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. பிட்டில் (அணிகள் காரைத் தயார் செய்யும் இடம்) யாராவது காரணமில்லாமல் உடம்பைத் தட்டிக்கொண்டு துள்ளினால் யோசிக்காமல் தண்ணீரை ஊற்றுங்கள். மெத்தனால் தண்ணீரில் கரையும், நிறைய ஊற்றினால் அடங்கிவிடும். காரின் இரண்டு பக்கமும் வாளி வைத்திருக்கிறோம். கையுறை இல்லாமல் யாரையும் எரிபொருள் ஊற்ற விடுவதில்லை.

எரிபொருள் அமைப்பு முழுக்க மெக்கானிக்கல் இஞ்செக்‌ஷன். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சுற்றும் வேகத்துக்கேற்ப பம்ப் தள்ளும், தேவைக்கு மிஞ்சியது பில் (pill) எனப்படும் துளையிட்ட சின்ன வில்லை வழியாக டேங்குக்கே திரும்பும். கார்புரேட்டர் பழகியவர்கள் இதில்தான் குழம்புவார்கள். அங்கே ஜெட் பெரிதானால் எரிபொருள் கூடும். இங்கே பில் பெரிதானால் திரும்பிப் போவது அதிகம், எஞ்சினுக்குக் கிடைப்பது குறைவு. சூரியன் இறங்கிக் காற்று குளிர்ந்து அடர்த்தியாகும்போது பம்ப்புக்கு அது தெரியாது, நாம்தான் சின்ன பில்லுக்கு மாற வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு வித்தியாசமே ஸ்பார்க் பிளக்கின் நிறத்தில் தெரியும். ஒவ்வொரு இரவும் வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம், போட்ட பில், பிளக்கின் நிறம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறேன். மூன்றாவது சீசனிலிருந்து அந்த நோட்டைப் பார்த்துத்தான் பில் எடுக்கிறேன். பெரும்பாலும் முதல் தேர்வே சரியாக இருக்கிறது.

சரி, சக்தி. மூன்றாவது சீசனுக்கு முன் பெரிய கேம் போட்டோம். டைனோவில் (எஞ்சின் சக்தியை அளக்கும் கருவி) 7,800 ஆர்பிஎம்மில் 32 குதிரைத்திறன் கூடியது, எல்லோருக்கும் சந்தோஷம். மண் ஈரமாக இருக்கும் தகுதிச் சுற்றில் உண்மையிலேயே வேகம் வந்தது. ஆனால் இறுதிப் பந்தயம் வரும்போது தடம் காய்ந்து வழுவழுப்பாகி இருக்கும். எங்கள் ஓட்டுநர் சொன்னது: “கால் வைத்தால் மொத்தமாக வருகிறது, பாதியில் பிடிக்க முடியவில்லை.” கியர்பாக்ஸ் இல்லாததால் காரில் இருப்பது மாற்ற முடியாத ஒரே கியர் விகிதம்தான். வளைவில் 5,500க்கு இறங்கும் எஞ்சின் அங்கிருந்தே சீராக ஏறி வர வேண்டும். புது கேமில் கீழே முறுக்குவிசை குறைந்து, மேலே திடீரென்று வந்தது. வலது பின் டயர் சுழன்றதே தவிர கார் முன்னே போகவில்லை. நாலாவது சீசன் நடுவில் பழைய கேமைத் திரும்பப் போட்டோம், அந்த மாதமே முடிவுகள் மேலே வந்தன. பெரிய கேமில் வால்வ் ஸ்பிரிங் ஆறு இரவுக்குள் தளர்ந்தது, பழையதில் பத்து இரவு தாங்குகிறது. அரை மைல் மண் தடத்துக்கு எஞ்சின் கட்டுகிறவர்கள் டைனோ தாளின் உச்ச எண்ணை விட்டுவிட்டு 5,500 முதல் 7,500 வரை கோடு எப்படிப் போகிறது என்று பாருங்கள். சின்ன அணிகள் அதிகம் பணம் விடுவது இந்த இடத்தில்தான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

என் திங்கட்கிழமை வேலைதான் இந்த எஞ்சினை இவ்வளவு நாள் வைத்திருக்கிறது. முதலில் லீக்டவுன் சோதனை: சிலிண்டரில் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. எண் ஏறியிருந்தால் காதை வைத்துக் கேட்பேன். எக்ஸாஸ்ட்டில் சத்தம் வந்தால் வால்வ், ஆயில் பக்கம் வந்தால் ரிங். அப்புறம் ஸ்பிரிங் அழுத்தம். புதிதில் 260 பவுண்டு இருப்பது 230க்கு இறங்கினால் பதினாறையும் மாற்றிவிடுவேன்.

அப்புறம் வால்வ் லாஷ், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி, நம்மூர் மெக்கானிக்குகள் டேப்பட் கேப் என்று சொல்வதேதான். போன வாரக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அதில் பயன். இறுகினால் வால்வ் நீள்கிறது அல்லது சீட்டுக்குள் இறங்குகிறது. தளர்ந்தால் கேம், அது தள்ளும் லிஃப்டர், ராக்கர் இவற்றில் ஏதோ தேய்கிறது. போன ஜூனில் மூன்றாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வில் அங்குலத்தில் ஆயிரத்தில் 18 பங்கு இருந்தது ஒரே வாரத்தில் 24 ஆனது. ஆயில் ஃபில்டரை வெட்டி விரித்துப் பார்த்தேன், மினுமினுப்பாக இரும்புத் துகள்கள். லிஃப்டரை எடுத்தால் ரோலருக்குள் இருக்கும் ஊசி பேரிங் சொத்தை விழுந்திருந்தது. இன்னொரு சனிக்கிழமை ஓட்டியிருந்தால் கேம் போயிருக்கும், அந்தத் துகள்கள் மெயின் பேரிங்கையும் கிழித்திருக்கும். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் ஒன்றுதான் அதைக் காட்டிக்கொடுத்தது.

குளிர்காலத்தில் ராட் (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் தண்டு) போல்ட்டுகள் எல்லாம் புதிது. டார்க் ரென்ச்சை மட்டும் நம்பாமல், முறுக்கும்போது போல்ட் எவ்வளவு நீள்கிறது என்று அளந்து பூட்டுகிறோம்.

இப்போது பிளாக் ஸ்டாண்டில் வெறுமையாக நிற்கிறது. கிராங்க் விரிசல் இருக்கிறதா என்று காந்தத் தூள் சோதனைக்குப் போயிருக்கிறது. நன்றாக வந்தால் ஆறாவது சீசனும் அதே கிராங்க்தான். விரிசல் தெரிந்தால் புதிதுதான் வாங்க வேண்டும், அதற்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டோம்.